கூடத்து வாழையும் செம்பேனும்

— கை வைக்காதே பிலோமினா! அந்த வலையைக் கலைச்சே, இனிமே இந்த வீட்ல உனக்கு டீத்தண்ணி கிடையாது, சொல்லிட்டேன்.

— மாதாவே! மீன் கூடைய எறக்கறதுக்குள்ள இன்னா கோவம் பீவிம்மா? கூடத்துல வாழ வளப்பியாம், ஒட்டட அடிக்க மாட்டியாம். நல்லாக்கீதே நாயம்.

— ஒட்டடை இல்லடி, சிலந்தி வலை. எங்க நபி குகைக்குள்ள இருந்தப்ப வாசல்ல வலை கட்டிக் காப்பாத்துன சாதி அது. இந்த வீட்ல சிலந்தி வலையை யாரும் வெளக்குமாத்தால தொட்டதில்ல. இருபது நாளா நான் தொடப்பத்தை இந்தப் பக்கமே கொண்டாரல. அல்லா அனுப்பின காவல்னு நெனச்சிட்டிருக்கேன்.

— காவலு நல்லாத்தான் காத்துச்சு. எலயப் பாரேன். வெளுத்துப் போயி, பொடிப் பொடியா மஞ்சப் புள்ளி. ஓரமெல்லாம் கருகிக் கீது.

— அதப் பாத்துதான் நானும் பயந்து கெடக்கேன். நேத்து மெட்ராஸ்லேர்ந்து ஹையி காயிதம் போட்டிருக்கான். வர்ற வெள்ளிய விட்டு அடுத்த வெள்ளி வர்றானாம். "வேன் எடுத்துக்கிட்டு வர்றேன் உம்மா." அவ்ளோதான், ஒரே வரி.

— உன் புள்ளைக்கு பஸ்ஸு இன்னா பண்ணுச்சு? வேனு எதுக்கு?

— என்னை ஏத்திட்டுப் போகத்தான்! பந்தயத்தை மறந்துட்டியா?

— பழவேற்காடே பேசிச்சே, எப்டி மறப்பேன்.

— புயலுக்கு ஏரித்தண்ணி கொல்லைக்குள்ள பூந்து, முருங்கை, மருதாணி, கறிவேப்பிலை எல்லாம் உப்புல வெந்து போச்சில்ல. அதைப் பாத்துட்டு அவன் சொல்றான், "ஒரு வாழைக்கன்னு நிக்காத ஊர்ல மனுசி எப்படி இருப்பா? பொட்டியக் கட்டு." எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "மண்ணு உப்பாயிட்டா என்னடா, வீட்டுக்குள்ள வச்சு வளத்துக் காட்டுறேன்"னேன். அடுத்த நோன்புப் பிறை பாக்குறப்ப வாழை உசுரோட இருந்தா நான் இங்கயே இருக்கலாம். செத்துட்டா வாயத் தொறக்காம அவங்கூடப் போகணும். உம்மாவும் மவனும் கையடிச்சுப் பேசினது.

— அதுக்குத்தானே திருப்பாலைவனத்துலேர்ந்து மண்ணு மூட்ட பஸ்ஸுல வந்துச்சு.

— படுபாவி கண்டக்டரு மண்ணுக்கும் டிக்கெட்டு கிழிச்சான்! தகர டிரம்ல மண்ணைக் கொட்டி, கண்ணாடி ஓட்டுக்கு நேரா வச்சு, ஏழு இலை விட்ருச்சு பிலோமினா. ஏழு இலை! இப்ப என்னன்னா, பிறையும் அதே வெள்ளிதான், ரெண்டு வாரங்கூட இல்ல, இப்படி மூஞ்சி சுண்டிப் போய் நிக்குது.

— அந்தக் காயிதத்தக் குடு.

— படிக்கப் போறியாக்கும்?

— எனக்கு ஏது படிப்பு. பின்பக்கம் வெள்ளையா கீதில்ல, அது போதும். இப்டி எலைக்கு அடியில புடி. நான் எலய ஒரு தட்டு தட்டறேன். ம். இப்ப பாரு.

— தூசி.

— கொஞ்ச நேரம் பாரு.

— யா ரப்பே! தூசி ஓடுது!

— வெரல வெச்சித் தேய்.

— சேப்பு சேப்பா... ரத்தமாடி இது?

— வாழச் சாறு குடிச்ச ஒடம்பு. பீவிம்மா, சிலந்தி கொசுவப் புடிக்கும், ஈயப் புடிக்கும். எலயத் துன்னுமா? இது செம்பேன். ஆதிகேசவன் கத்திரித் தோட்டத்துல பாத்துக்கிறேன். கருவாட்டக் குடுத்துட்டு கத்திரிக்கா வாங்கப் போவேனில்ல, அவுரு சம்சாரம் முத்தம்மா காட்டுச்சு. எல அடியில ஒக்காந்து உறிஞ்சுமாம், வலையும் பின்னுமாம். பேனப் பெருமாளாக்கறதுன்னு சொல்வாங்க. நீ பேனக் காவக்காரனாக்கிட்டே.

— நான் ஒரு மடச்சி! தொடப்பத்தை ஒளிச்சு வச்சு இருபது நாளா விருந்து போட்டிருக்கேன். அந்தச் சுராயா போன மாசம் வந்தப்ப, "மாமி, தொடைச்சு விடவா?"ன்னு கேட்டா. மருமவளைப் போட்டு அப்படி ஏசினேன்.

— மழ உழற எடத்துல இது நெலைக்காது. வூட்டுக்குள்ள அனல், காஞ்ச காத்து, எலமேல தூசி. அதுக்குக் கல்யாண வூடு மாரி.

— கதை போதும். இப்ப இதுங்களை ஒழிக்கணும். என்ன செய்யணும், சொல்லு.

— மொதல்ல அஞ்சு எலய அறுக்கணும். அறுத்து வெளிய கொண்டுபோயி கொளுத்தணும்.

— அஞ்சா? ஏழுல அஞ்சு போனா ரெண்டுதானேடி மிச்சம்? அவன் வந்து பாத்துட்டுச் சிரிப்பான்.

— உட்டுட்டா ஏழும் போவும்.

— அந்த அரிவாளை எடு. இல்ல, நீ வேணாம், நானே அறுக்குறேன். நான் வளத்ததை நான்தான் அறுக்கணும். பிஸ்மில்லா. ம்... ஒண்ணு. அடுத்து?

— மீதி ரெண்டு எலயும், தண்டும் கழுவணும். அடிப்பக்கத்த நல்லாத் தேய்க்கணும். கெணத்துத் தண்ணி ஆவாது, உப்பு எலயச் சுட்டுடும்.

— நல்ல தண்ணி நாலே குடம்தான் வருது.

— ரெண்டு குடம் அதுக்கு ஓணும்.

— எடுத்துக்கோ. நான் ஒரு வேளை கஞ்சி குடிச்சுக்கிறேன், செத்துட மாட்டேன்.

— அப்பால மருந்து. படகுக்குப் பூசற மீன் எண்ண கொஞ்சம், துணி சோப்பு கொஞ்சம். வெந்நீருல போட்டு, நொர பொங்கற வரிக்கும் அடிச்சி, ஆறவெச்சிப் பூசணும். முத்தம்மா தோட்டத்துக்கு எங்கிட்டதான் மீன் எண்ண வாங்கும்.

— மீன் எண்ணெயா? கூடத்துலயா? நான் தொழுவுற எடம்டி இது! தெரு முழுக்க நாறுமே!

— நாறத்தான் செய்யும். உன் இஷ்டம்.

— ...நாத்தம் நாலு நாள்ல போயிடும். இந்தப் படியை விட்டு நான் எறங்கினா திரும்பி வருவேனா? மெட்ராஸ்ல மூணாவது மாடியில உக்காந்துகிட்டு எந்த ஏரியப் பாக்குறது? தொழுகைப் பாயை அடுத்த ரூம்ல விரிச்சுக்கிறேன். போ, எண்ணெயைக் கொண்டா. நெறையவே கொண்டா!

— ஒரு தபா பத்தாது பீவிம்மா. முட்ட சாவாது. நாலு நாளைக்கு ஒருக்கா கழுவணும், மூணு தபா.

— முப்பது தபான்னாலும் கழுவுவேன்.

*

— ஒம்பது நாளாச்சு. இதோட மூணாவது கழுவல் முடிஞ்சுது பிலோமினா. பக்கத்து வீட்டு ஜைனம்பு முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து, "என்ன கைருன் பீவி, கூடத்துல படகு கட்டுறியா?"ங்கறா.

— நீ இன்னா சொன்னே?

— "ஆமா, உன்னை ஏத்தி நடுக்கடல்ல எறக்கி விடத்தான்"னேன்.

— சேசுவே! அந்த வாய் இருக்கே, அத வெச்சே செம்பேன வெரட்டியிருக்கலாம். சரி, காயிதத்தப் புடி. தட்டறேன்.

— ஓடுதா?

— நல்லாப் பாரு.

— ஒண்ணும் ஓடலியே. தேய்ச்சுப் பாக்குறேன். சேப்பே இல்லடி! அல்ஹம்துலில்லா! ஆனா ரெண்டுல ஒரு இலை பழுத்துடுச்சே.

— அது போனாப் போவுது. நடுவுல பாரு, குருத்து.

— எங்க? ஆத்தாடி! சுருட்டி வச்ச பச்சைப் பட்டு மாதிரி... வரட்டும்டி அவன். வேனைக் கொண்டாரட்டும், லாரியக் கொண்டாரட்டும். நான் இந்த டிரம்மைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்துக்குவேன்.

*

— உம்மா, ஸலாம். என்ன இது, வாசல்லயே குடலைப் புடுங்குது?

— வா ஹையி. அது உங்க உம்மா ஜெயிச்ச நாத்தம். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து பாரு.

— பிலோமினாக்கா, நீங்களும் இருக்கீங்களா?

— சாட்சி சொல்லத்தான் ஒக்காந்துகினு கீறேன் தம்பி. வேனு எங்க?

— தெரு முனையில நிக்குது. உள்ள திரும்பல. உம்மா, வாழைக்கு ரெண்டே இலைதானா?

— ரெண்டுன்னா? எண்ணிக்கையா பேசினோம்? உசுரோட இருந்தாங்கறதுதான் பேச்சு. இதோ, நேத்து விரிஞ்ச இலை, தொட்டுப் பாரு. செம்பேன் வந்துச்சு, அறுத்தேன், கழுவினேன், மீன் எண்ணெய்ல குளிப்பாட்டினேன். உப்புக்கும் சாகல, பூச்சிக்கும் சாகல.

— உசுரோடதான் இருக்கு.

— என்னடா கண்ணைத் தொடைக்கிறே? தோத்துட்டோம்னு அழுகையா? அழு, நல்லா அழு. ஆனா கேட்டுக்கோ. உங்க வாப்பா கடலோட போனப்பவே நான் இந்த ஊரை விட்டுப் போகல. புயல் ஓட்டைப் பிச்சப்பவும் போகல. இப்ப நீ வேன் கொண்டாந்தா போயிடுவேனா? பொட்டியும் கட்டல, பாயும் சுருட்டல. வந்த வேனை அப்படியே காலியாத் திருப்பிக் கொண்டு போ.

— உம்மா...

— உம்மாவாவது கும்மாவாவது. போய்ச் சொல்லு, ஏத்த ஒண்ணும் இல்லன்னு.

— வேனு காலியா வரல உம்மா. கட்டிலு, அடுப்பு, சுராயா, ரெண்டு புள்ளைங்க, எல்லாம் அதுலதான் இருக்கு. நான் வேலை பாத்த தோல் கிடங்கை மூடி மூணு மாசமாச்சு. மெட்ராஸ் வீட்டைக் காலி பண்ணிட்டோம். வழி நெடுக அந்த வாழை செத்திருக்கக் கூடாதுன்னு துஆ கேட்டுக்கிட்டே வந்தேன். நாங்க உள்ள வரலாமா?