பம்ப்பு ஓட்டினவனுக்குக் காது மந்தம்

உக்காருங்க சிஸ்டர், போயிடாதீங்க. ஆட்டோ நிக்கும், ஓட்றவன் நம்ம தங்கராசு மவன்தான். என் பொஞ்சாதி வரமாட்டேன்னு சொன்னது உங்க காதுல விழுந்துச்சு, என் காதுல விழல. முப்பது வருஷம் மைன்ஸ்ல பம்ப்பு பக்கத்துலயே நின்னவன், காது மந்தம். அதான் இப்படிக் கத்திப் பேசறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க மெதுவாவே பேசுங்க, வாயப் பாத்தே புரிஞ்சுக்குவேன்.

தனம் அடுப்படியிலதான் இருக்கா. குழாயத் தெறந்து வுட்டுக்கினு பாத்திரம் தேய்க்கிறா. காலையிலேர்ந்து அதே நாலு பாத்திரம்.

பயமா? அவளுக்கா? என்னைக் கட்டிக்கினு முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டியிருக்கா, இனிமே எதுக்குங்க பயப்படப் போறா? உங்க கேம்புக்கு மகளிர் குழுவோட சிரிச்சுக்கினுதான் வந்தா. கர்ப்பப்பை வாயில வெள்ளையாத் தெரியுது, துளி சதை எடுத்துப் பாக்கணும்னீங்க, குடுத்தா. இன்னும் புத்துநோயா ஆவல, இப்பவே கடலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தா குளிர வச்சே கருக்கிடலாம், வுட்டா ஆயிடும்னீங்க, தலையாட்டினா. அப்புறம் எவளோ ஒருத்தி இது எதனால வருதுன்னு கேக்க, எச்.பி.வி.ன்னு ஒரு கிருமி, ஆம்பள பொம்பள சேர்றதுல வர்றதுன்னு சொன்னீங்க பாருங்க, அங்க நின்னுச்சுங்க வண்டி.

சேச்சே, உங்க மேல என்ன தப்பு? கேட்டா சொல்லித்தான ஆவணும். ஆனா பக்கத்து வூட்டு சாமியம்மாள் காதுல அது எச்.ஐ.வி.ன்னு விழுந்துடுச்சு. எனக்காவது பம்ப்பு, அந்தம்மாவுக்கு என்ன கேடு? அன்னிக்கே தெருக்குழாயில பஞ்சாயத்து. தனம் எவன்கிட்ட போனா? பால்காரன் பேரு வந்துச்சு. கேஸ் சிலிண்டர் போடறவன் பேரு வந்துச்சு. பாவம், அவனுக்கு இருவத்தி மூணு வயசுங்க. மந்தாரக்குப்பமே ஆளத் தேடுது, ஒருத்தி கூட என்னைத் திரும்பிப் பாக்கல. எனக்கே மனசு கஷ்டமாப் போச்சு சிஸ்டர். அந்தக் காலத்துல கிருதா வச்சுக்கினு நான் சைக்கிள்ல வந்தா எப்படி இருப்பேன் தெரியுமா?

சிரிக்கிறீங்க. இதாங்க என் தலையெழுத்து. இந்த அய்யனார் வாயத் தெறந்தாலே சிரிப்பாங்க. ஒருநாள் மதியம் சோத்த உண்டுட்டு, மண்ணு வெட்ற பெரிய மிஷின் பக்கெட்டுக்குள்ள படுத்துத் தூங்கிட்டேன். மிஷின்காரன் பாக்காம ஓட்டிட்டான். அது என்னைத் தூக்கி பெல்ட்டுல போட, பெல்ட்டு கரியோட கரியா என்னைக் கரண்ட்டு எடுக்கிற தெர்மலுக்குக் கொண்டு போவ, பாய்லர் வாய்க்கிட்ட எழுந்து உக்காந்து, பீடிக்கு நெருப்பு இருக்கான்னு கேட்டேன். இத நாப்பது வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். பொய்தான், வுடுங்க. ஆனா கரிக்கு அடியில தண்ணி முட்டிக்கினு நிக்குது, ராவும் பகலும் பம்ப்பு ஓடலன்னா தரையப் பொத்துக்கினு வந்துடும்னு சொன்னா, அதுக்கும் சிரிக்கிறாங்க. அது நெசம்ங்க! மேல பாத்தா காஞ்சு கெடக்கும். உங்க கிருமியும் அப்படித்தான்னீங்களே, சத்தங்காட்டாம இருவது முப்பது வருஷம் கூடக் கெடக்கும்னு. அதக் கேட்டப்பவே நான் வெரல் வுட்டு வருஷத்த எண்ணிப் பாத்தேன்.

ஞாயித்துக்கிழம அவள உக்கார வச்சு சொல்லிட்டேங்க. எண்பத்தி மூணுல, நம்ம வளவனப் பெத்துக்க நீ குறிஞ்சிப்பாடிக்கு உங்கம்மா வூட்டுக்குப் போயிருந்தப்ப, சேத்தியாத்தோப்புல இட்லிக் கடை வச்சிருந்த ஒருத்தியோட எனக்கு நாலஞ்சு மாசம் பழக்கம் இருந்துச்சு. கிருமிய வூட்டுக்குக் கொண்டாந்தவன் நான்தான்னு.

என்ன பண்ணா தெரியுமா? சிரிச்சா. ஒரு வாரமா மொகத்தத் தூக்கி வச்சிருந்தவ, வுழுந்து வுழுந்து சிரிச்சா. உன்கிட்ட எவ வருவா, என் மானத்தக் காப்பாத்தப் பழிய நீ ஏத்துக்கிறியான்னு கண்ணு கலங்கிப் போயி, எனக்கு ரெண்டு முட்ட தோச கூட ஊத்திப் போட்டா. ஆனா கடலூருக்கு மட்டும் மாட்டேன்னுட்டா. போனா ஊரு சொன்னத ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்.

சரி, சாட்சிக்கு அந்தப் பொம்பளையவே கூட்டிக்கினு வந்துடலாம்னு நேத்து சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறினேன். ஆமாங்க, சத்தியமாப் போனேன், டிக்கெட்டு கூட சட்டப் பையில இருக்கு, பாருங்க. இட்லிக் கடை இருந்த எடத்துல இப்ப செல்போன் ரிப்பேர் கடை. பக்கத்துல விசாரிச்சேன். அவ செத்துப் போயி ஒம்பது வருஷமாச்சாம். இதே கர்ப்பப்பை வாயில புத்துதானாம். வெக்கப்பட்டுக்கினு கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கமே போவலயாம்.

யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதா? அப்ப அவளுக்கே நான்தான் குடுத்தேனோ என்னமோ.

மெதுவாப் பேசச் சொல்றீங்களா? உள்ள கேக்கும்னா? கேக்கட்டும் சிஸ்டர். நேராச் சொன்னா அவளுக்குக் கதை. இன்னொருத்தர்கிட்ட சொல்றது தானா காதுல விழுந்தாத்தான் நம்புவா, பொம்பளைங்கள நான் பாக்காததா? காது மந்தம்னு சொன்னேன்ல, அது சும்மாங்க. எனக்குப் பாம்புக் காது. ஒம்பது வருஷம்னு சொன்னேன் பாருங்க, அப்பவே உள்ள குழாய் நின்னு போச்சு.

இதோ, செருப்ப எடுக்கிறா. கால்ல மாட்டத்தான் எடுக்கிறாளா, எனக்காக எடுக்கிறாளான்னு தெரியல. எதுக்கு எடுத்தாலும் வெளிய வந்துடுவா, நீங்க வுட்றாதீங்க, அப்படியே ஆட்டோவுல ஏத்திடுங்க. எனக்குக் குடுக்க வேண்டிய செருப்படிய அவ கடலூர் போயி வந்து குடுக்கட்டும்.