படகு பாக்க வந்தவளுக்கு ஒரு காப்பி

...அங்க இல்லம்மா, இந்தப் பக்கமா ஒக்காரு. அந்த மூலைல மேலேருந்து ஒழுகும். மழை பெஞ்சா மட்டும்தான். மழை இல்லேன்னா ஒரு சொட்டு ஒழுகாது, அந்த விஷயத்துல ரொம்ப நல்ல படகு.

அவங்க ரெண்டு பேரும் இப்போதைக்கு எறங்கி வர மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஹார்லன் உன் புருஷனுக்கு நங்கூரச் சங்கிலியக் காட்டிட்டிருக்காரு. அது முடியவே நாப்பது நிமிஷம் ஆகும். சங்கிலில என்ன இருக்குன்னு கேக்காதே. நானும் ஒம்போது வருஷமாக் கேட்டுட்டிருக்கேன்... காப்பி எடுத்துக்கோ. சக்கரை அந்த டப்பால. கட்டியாத்தான் இருக்கும், தட்டினா ஒடையும். படகுல எல்லாமே ஈரம். சக்கரை ஈரம், உப்பு ஈரம், தலகாணி ஈரம். இந்தக் கப்பல்ல காஞ்சு கெடக்கற ஒரே வஸ்து தண்ணித் தொட்டி.

உம்பேரு என்ன சொன்னே, டாராவா? எந்த ஊரு... ஒஹையோவா. ஆங். கடலே இல்லாத ஊர்லேருந்துதாம்மா எல்லாரும் படகு வாங்க வர்றாங்க. கடலைப் பாத்தவன் எவனும் வாங்க மாட்டான்.

இல்ல இல்ல, வாங்காதேன்னு நான் சொல்லல. நான் ஏன் சொல்றேன்? விக்கறதுன்னு அட்டைல எழுதி மாட்டிட்டாரு, எழுதினது எழுதினதுதான். நீ கேட்டியேன்னு சொல்றேன். கேக்கலையா? சரி, கேக்க வந்திருப்பே.

அட்டைல என்ன போட்டிருக்கு, 'பாய்மரப் படகு, முப்பத்தாறு அடி'ன்னுதானே. முப்பத்தாறு அடி நெஜம். பாயை விரிச்சதை விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு கை போதும். கால்வாய்க்குள்ள எங்கேருந்து காத்து வரும்? முழுக்க இஞ்சின்தான். கடகடகடன்னு காலைல ஆறு மணிக்குக் காதுக்குள்ள பூந்துச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் வெளிய வராது. நிறுத்தினப்புறமும் எனக்குக் கேட்டுட்டேதான் இருக்கும்.

வழி தெரியுமில்ல? மேல மேரிலாந்துல அக்டோபர்ல கெளம்பணும், வாத்துக்கூட்டம் தெக்க பறக்க ஆரம்பிக்கறப்ப. பெரிய கடலுக்குள்ள போகாம கரையோரமாவே ஆறு, கால்வாய், காயல்னு மாத்தி மாத்திப் புடிச்சு ஃப்ளோரிடா வரைக்கும் எறங்கலாம். ஆயிரம் மைல். கார்ல வந்தா ரெண்டு நாள். நாங்க ரெண்டே மாசத்துல வந்துடுவோம். வாத்து நாலாவது நாளே போய்ச் சேந்து குடும்பம் நடத்திட்டிருக்கும்.

அதுலயும் நவம்பர் ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி தெக்க எறங்கக் கூடாதுன்னு காப்பீட்டுக்காரன் உத்தரவு. புயல் காலமாம். அதனால எல்லாரும் எல்லைக்கு மேல குளிர்ல வெறைச்சுகிட்டுக் காத்துக் கெடப்போம். ஒண்ணாந்தேதி விடியட்டும், கல்யாணப் பந்திக்கு எல போட்ட மாதிரி ஒருத்தனை ஒருத்தன் முந்திகிட்டு... எல்லாம் எழுவது வயசுக் கெழங்க.

முந்தி எங்க போறது? பாலம் இருக்கே, நம்ம பாய்மரம் நுழையறதுக்குத் தூக்கி விடற பாலம். பாதிப் பாலத்தை மணிக்கு ஒரு தடவதான் தொறப்பான். நாம மூணு நிமிஷம் லேட்டாப் போய்ச் சேருவோம். எப்பவும் மூணு நிமிஷம், ரெண்டாவும் இருக்காது நாலாவும் இருக்காது. மிச்ச நேரம் செக்குமாடு மாதிரி அந்த எடத்தையே சுத்திச் சுத்தி வரணும். பாலத்து மேல கார்க்காரன் நின்னு நம்மளப் பாத்துக் கையாட்டுவான். நாமளும் ஆட்டணும். மரியாதை.

அப்புறம் தரை தட்டறது. தட்டுமான்னு கேக்காதே, எப்பன்னு கேளு. இந்த ஜார்ஜியால தண்ணி எட்டு அடி ஏறும், எட்டு அடி எறங்கும். போன வருஷம் எறங்கற தண்ணில போய்ச் சேத்துல ஒக்காந்துட்டோம். ஆறு மணி நேரம். படகு ஒருக்களிச்சுப் படுத்துருச்சு, நான் தரைல நிக்கல, செவுத்துல நின்னேன். முட்டை டப்பா பறந்து வந்து மெத்தைல விழுந்துச்சு. இந்த மனுஷன் என்ன பண்ணாரு? சாஞ்சபடியே ஒக்காந்து புத்தகம் படிச்சாரு. "தண்ணி திரும்பி வரும் லொரெய்ன்"னாரு. வந்துச்சுதான். சூரியன் விழற நேரம், அந்தப் புல்லுக்காடு பூராவும் தேன் கலருக்கு மாறி, கொக்கு ஒண்ணு சேத்துல நடந்து வந்து எங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச்சு, நாங்க ரெண்டு பேரும் ஒடஞ்ச முட்டையப் பொரிச்சுத் தின்னுட்டு... சரி, அது எதுக்கு இப்ப. ஆறு மணி நேரம்மா.

படகு முன்பக்கம் பாத்தியா, மூக்குக்குக் கீழ பழுப்பா ஒரு மீசை? கரோலினாவுல சதுப்புக்காட்டுத் தண்ணி தேயிலைச் சாயம் மாதிரி ஓடும். அதுல வந்த எல்லாப் படகுக்கும் மீசை மொளைச்சிரும். அதை எலுமிச்சம்பழச் சாறு போட்டுத் தேய்க்கறது யாரு? நான்தான். அப்புறம் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, கடி மட்டும் தெரியும். வலை போட்டா வலைக்குள்ள பூந்து வரும். நமக்குன்னு தேடி வர்ற ஒரே சொந்தம்.

குடி, ஆறிடப் போகுது.

...என்னது? அப்புறம் ஏன் ஒம்போது வருஷம் வந்தேனா?

அடேயப்பா. சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன், நேரா அடிமடியில கைய வெக்கறியே.

சரி, கேட்டுட்டே. அந்த அட்டை தொங்குது பாரு, அது எழுதி ஒம்போது நாள்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி இந்தப் படகை விக்கறதுன்னா அவருக்கு ஒரு கையை வெட்டிக் குடுக்கற மாதிரி. எழுத வெச்சது யாருன்னு நெனைக்கறே? பூச்சியா? பாலமா?

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, இர்மா. வடக்க வெர்மான்ட்ல. மூணு குளிர்காலத்துக்கு முன்னாடி அவ புருஷன் வாசல்ல பனியத் தள்ளிட்டிருந்தவன் அப்படியே விழுந்துட்டான். அவ்வளவுதான். பெரிய வீடு, இவ ஒருத்தி. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஃபோன் பண்ணுவேன். அவன் போன மறு வருஷம் படகுலேருந்து பேசறப்ப, நான் பாட்டுக்கு வாயை வெச்சுகிட்டு சும்மா இல்லாம, "இன்னிக்கு டால்ஃபின் கூடவே வந்துச்சு இர்மா, ஹார்லன் பாடினாரு"ன்னு சொல்லிட்டேன். ஃபோன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். கட்டாகல. அழுதுட்டிருந்தா.

அவகிட்டப் போய், நான் சந்தோஷமா இருக்கேன், எம் புருஷன் பக்கத்துல இருக்காருன்னு எந்த வாயால சொல்றது? அதுலேருந்து பொலம்ப ஆரம்பிச்சேன். ஒழுகுது, நாறுது, இவரு கொறட்டை விடறாரு, தரை தட்டிருச்சு. கேட்டா சிரிப்பா. "நல்ல வேள, எனக்காவது காஞ்ச மெத்தை இருக்கு"ம்பா. வாரத்துல அவ சிரிக்கறது அந்த ஒரு தடவதான். அப்ப நான் விடுவேனா? வாராவாரம் புதுசு புதுசாச் சேத்துக்கிட்டே போனேன். எனக்கு அது நல்லா வரும், பாத்தியே.

இந்தத் தடவ, கரோலினாவுல ஒரு கால்வாய். ரெண்டு பக்கமும் தண்ணிக்கடில பாறை. ஒரு முழம் வெலகினாக் கூட அடி கிழிஞ்சுரும், சுக்கானை விட்டு ஒரு நிமிஷம் நகர முடியாது. அவரு மேல சுக்கான் புடிச்சுட்டிருக்காரு. நான் கீழ, இந்தா, இந்தத் தொட்டிகிட்ட நின்னு பாத்திரம் கழுவிகிட்டே இர்மாகூடப் பேசிட்டிருக்கேன். என் மேல்சட்டைப் பையில கை ரேடியோ. தரைல போய் வர்றப்ப அவரைக் கூப்பிடறதுக்குன்னு வாங்கின பழைய சனியன். நான் தொட்டில சாஞ்சேனா, அதோட பொத்தான் அமுங்கிருச்சு. அமுங்கினது அமுங்கினபடியே நின்னுருச்சு.

புரியுதா? பொத்தான் அமுங்கினா நம்ம பேச்சு ஊருக்கே போகும். அந்தக் கால்வாய்ல எங்களுக்கு முன்னாடி ஆறு படகு, பின்னாடி எட்டு. அத்தனை பேரும் ரேடியோவத் தொறந்து வெச்சிருப்பாங்க. அத்தனை பேருக்கும் என் கச்சேரி. எங்க வீட்டுக்காரருக்கும்தான், அவரு தலைக்கு மேலயே ஒலிபெருக்கி. கீழ எனக்குத்தான் இஞ்சின் சத்தத்துல அது கேக்கல.

மேலேருந்து காலால தரையை ஒதைக்கறாரு. டம் டம்முனு. எறங்கி வர முடியல பாவம், பாறை. நான் என்ன நெனச்சேன்? காப்பி கேக்கறாரு, ராஜா. "வர்றேன் இருங்க, பலகைய ஒடச்சுத் தொலைக்காதீங்க"ன்னு ஒரு கத்துக் கத்தினேன். அதுவும் ரேடியோல போச்சு.

இருவது நிமிஷம்.

கொறட்டை, ஒழுகல் எல்லாம் போகட்டும், அதுக்கெல்லாம் அவரு சிரிச்சிருப்பாரு. அன்னிக்கு இர்மாவுக்கு மனசு ரொம்பச் சரியில்ல, அவன் போன தேதி. எதைச் சொன்னாலும் சிரிக்க மாட்டேங்கறா. அதனால நான் கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டேன். "ஒம்போது வருஷமா ஜெயில்ல இருக்கேன்டி. இந்த மனுஷன் மூஞ்சியத் தவிர வேற மூஞ்சி பாக்கல. நாளைக்கே படகை வித்தாருன்னா தேவாலயத்துல நூறு மெழுகுவத்தி ஏத்துவேன்"னு. இர்மா சிரிச்சா. நல்லாச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். எல்லாரும் கேட்டாங்க.

அடுத்த பாலம் வந்தப்ப அங்க தொறக்கறவன் ரேடியோல சொல்றான், "வாங்க கேப்டன், ஒங்களுக்காக நேரத்துக்கு முன்னாடியே தொறக்கறேன், எம் பொண்டாட்டியும் இப்படித்தான்"னு. அப்பத்தான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது. ஓடினேன் மேல. அவரு நேராப் பாத்துட்டே சுக்கான் புடிச்சிருந்தாரு. "லொரெய்ன், உனக்கு வேணாம்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்"னாரு. அவ்வளவுதான். திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், நாலு நாள்ல சரியாயிருக்கும். திட்டல. பாதி வழில இந்தத் துறைக்கு வந்து சேந்ததும் பெட்டியப் பிரிச்சு அட்டை வெட்டி, ரூலர் வெச்சுக் கோடு போட்டு எழுதினாரு. எழுத்து எவ்வளவு அழகா இருக்கு பாத்தியா? எனக்குக் கோவமே அதுதான். கிறுக்கித் தள்ளியிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும்.

சொல்லலாமே, சொல்லியிருக்கலாமேன்னுதானே பாக்கறே. சொல்லலாம். இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு ஒம்போது நாளாச்சு. பொலம்பறதுன்னா அருவியாக் கொட்டுது. எனக்கு இது புடிக்கும், உங்க கூட இப்படிப் போறது எனக்கு உசுருன்னு சொல்லணும்னா நாக்கு ஒட்டிக்குது. நாப்பத்தாறு வருஷத்துல பழக்கம் விட்டுப் போச்சும்மா. அவருக்கு எழுவத்தி நாலு. இதை வித்துட்டா இன்னொண்ணு வாங்கற வயசா? மேரிலாந்து வீட்டுல ஜன்னல்கிட்ட நாற்காலியப் போட்டு ஒக்காந்து வாத்து தெக்க போறதைப் பாப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதை நான் பாத்துகிட்டு இருக்கணும்.

அதனால... டாரா, நீ நல்ல பொண்ணு. உன் புருஷன் மூஞ்சியப் பாத்தேன், சங்கிலியவே ரசிக்கறான், அவன் வாங்கிடுவான். நீதான் வேணாம்னு சொல்லணும். ஒழுகுதுன்னு சொல்லு. அந்தப் பொம்பள தொணதொணன்னு உசுர வாங்கறா, அவ இருந்த எடத்துல நான் இருக்க மாட்டேன்னு சொல்லு. என்ன வேணா சொல்லு.

எங்க எந்திரிச்சுட்டே? காப்பி பாதி இருக்கே... இரும்மா, தலை, தலை பாத்து, மேல இடிக்கும். இடிச்சுட்டியா? எல்லாருக்கும் இடிக்கும்.

...

என்ன பேசறாங்கன்னு தெரியலையே. ஒம்போது வருஷ இஞ்சின் சத்தத்துல பாதிக் காது போச்சு.

...

என்னங்க, ஏணில பாதில நிக்கறீங்க? எறங்கணும்னா எறங்குங்க. அவங்க போயிட்டாங்களா?

என்ன சொன்னா அந்தப் பொண்ணு? ...படகு விக்கறதுக்கு இல்லையாம், உங்க வீட்டம்மா சொன்னாங்கன்னு சொன்னாளா? நல்ல பொண்ணு, ஒரு பொய் சொல்லத் தெரியல. ஒஹையோவுல என்னத்தச் சொல்லிக் குடுக்கறாங்களோ.

ஆமா, நான்தான் சொன்னேன். அப்படிப் பாக்காதீங்க. இர்மாவைச் சிரிக்க வெக்கறதுக்காகப் பேசினேன், அன்னிக்கு அவன் செத்த நாளு. நான் சந்தோஷமா இருக்கேன்னு அவகிட்டச் சொல்ல முடியல. அவகிட்ட சொல்லாம சொல்லாம உங்ககிட்டயும் சொல்ல மறந்துட்டேன். சொல்லிட்டேன் இப்ப. இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்.

என்ன, நம்பலையா?

அப்ப அந்தக் கை ரேடியோவ எடுங்க இப்படி. அன்னிக்குக் கேட்ட படகுல பாதி இன்னும் இந்தத் துறைலதான் கெடக்கு. குடுங்கன்னா. ரேடியோல சொந்தக் கதை பேசறது சட்டப்படி தப்புன்னு எனக்கும் தெரியும், இருவது நிமிஷம் தப்புப் பண்ணப்ப எவன் வந்து புடிச்சான்? எந்தப் பொத்தான்? இதுவா. இந்தத் தடவ நானே அமுக்கறேன்.

எல்லாப் படகுக்கும், எல்லாப் படகுக்கும். லொரெய்ன் பேசறேன். யாருன்னு உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடிக்க வேணாம். அன்னிக்கு ஓசில கேட்டீங்கல்ல, இதையும் கேட்டுக்கங்க. எங்க படகு விக்கறதுக்கு இல்ல. நாளைக்குக் காலைல தண்ணி ஏறினதும் நானும் என் வீட்டுக்காரரும் தெக்க கெளம்பறோம். அன்னிக்கு நான் சொன்னதுல பாதி பொய். எந்தப் பாதின்னு ஒருத்தரும் கேக்க வேணாம்.