பதின்மூன்றரைப் பல் யானை

பழைய தபால் முத்திரையை உறையிலிருந்து கழற்றச் சுடுதண்ணீர் பாவிக்கக் கூடாது. பச்சைத்தண்ணீர் போதும். முத்திரை இருக்கிற மூலையை வெட்டி, ஒரு பீங்கானில் அரைமணி நேரம் மிதக்கவிட்டால் பசை தானாகவே விட்டுவிடும். அவசரப்பட்டு நகத்தால் கிளப்பினால் பின்பக்கம் கிழிந்துபோகும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் அவசரக்காரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியவேண்டும், மிஸ்.

நேற்று நீங்கள் கொழும்பிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். காணாமல்போன லவனைப் பற்றி ஏதும் தெரிந்தவர்கள் எழுதித் தரலாம், பேர் போடத் தேவையில்லை என்றீர்கள். லவனின் அக்கா துஷாந்தி உங்களுக்குப் பக்கத்தில் நின்று, என்னைக் காட்டி, “இவதான் மிஸ், தம்பியின்ரை கூட்டாளி” என்றா. இன்று விடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கப்போவதாகச் சொன்னீர்கள். அதற்கு முன்னம் ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

இப்போது இரவு ஒரு மணிக்கு மேல் இருக்கும். குசினி நிலத்தில் இருந்து எழுதுகிறேன். வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்க விளக்கைக் கதிரைக்குக் கீழே வைத்திருக்கிறேன். நாரந்தனை வீதியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் விளக்கைக் குறைத்துவிட்டு, அது போகும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணுவது எனக்கு நல்லாய் வரும்.

முதலில் முத்திரைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன், இடம்பெயர்ந்து திரும்பிவந்த மரியநாயகி மாமி தன்னுடைய பழைய செபப் புத்தகத்துக்குள் பாவிக்காத முத்திரைகள் பன்னிரண்டு இருந்ததைக் கண்டு எனக்குத் தந்தா. எல்லாம் ஒரே முத்திரை. மேலே ஆறாம் ஜோர்ஜ் ராசாவின் தலை, கீழே காட்டு யானைகள், ஐம்பது சதம். இலங்கையை ‘சிலோன்’ என்று சொன்ன காலத்து முத்திரை. நான் அப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருந்தேன். ஒரே முத்திரை பன்னிரண்டு எதற்கு என்று நினைத்து, என்னோடு ரியூசன் படித்த லவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் வேலணைப் பொடியன். என்னைவிட ஒரு வயது மூப்பு, ஆனால் நாங்கள் நீ, நான் என்றுதான் கதைப்போம்.

அவன் இரண்டு முத்திரைகளை எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தான். கனநேரம் பார்த்தான்.

“ஏய், இது வேறை யானை.”

“விசரே உனக்கு?”

“பல்லைப் பார். இஞ்சை சரியாய் நிக்குது. அங்கை போகப் போக நழுவுது.”

முத்திரையின் ஓரத்துத் துளைகளைத்தான் அவன் பல் என்றான். பிறகு நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். அந்தத் துளைகள் இரண்டு சென்ரிமீற்றருக்குள் எத்தனை வருகின்றன என்று எண்ணவேண்டும். எங்களுடைய பன்னிரண்டில் ஏழு முத்திரைகளுக்குப் பதினாலு. மற்ற ஐந்துக்கும் பதின்மூன்றரை. துளை போட்ட இயந்திரம் வேறு. படம் ஒன்று, நிறம் ஒன்று, ராசா ஒன்று, அரைப் பல்தான் வித்தியாசம். பள்ளிக்கூட அடிமட்டத்தால் அதைப் பிடிக்க முடியாது. தெரிந்த முத்திரையைத் தெரியாததோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். தொடக்கத்தில் நான் நாலுக்கு மூன்று தரம் பிழை விட்டேன். பிறகு பழகிவிட்டது.

பதினாலு ஏழையும் அவனுக்குக் கொடுத்தேன். பதின்மூன்றரை ஐந்தும் எனக்கு. “ரெண்டும் ஒரு தாய்ப்பிள்ளையள்தான், பல்லு முளைச்ச விதம்தான் வேறை” என்று அவன் சிரித்தான். பாடசாலைக் கண்காட்சியில் ஒரு மட்டையில் இரண்டு வரிசையாக வைத்தோம். மேல் வரிசையில் ‘லவன் - 14 - ஏழு முத்திரைகள்’, கீழ் வரிசையில் ‘ஜெனீற்றா - 13½ - ஐந்து முத்திரைகள்’ என்று நானே வடிவாக எழுதினேன். ஊரில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்களில் முருகேசண்ணையும் ஒருவர்.

முருகேசண்ணை யாரென்று உங்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். சந்திக்குக் கிட்ட, ஆக்கள் விட்டுப்போன மாடி வீடு ஒன்றில் ஆயுதத்தோடு இருப்பவர்களில் அவர் கதைக்கிறவர். மற்றவர்கள் கதைப்பதில்லை.

மாசி மாதக் கடைசியில், ஒரு பின்னேரம், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தா. கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது.

“என்ன மேரிஜோசப்பின் அக்கா, குளிரோ?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, நீர் முத்திரையிலை பெரிய கெட்டிக்காரி எல்லோ. ஒரு சின்ன உதவி.”

சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். கொழும்பில் உள்ள ஒரு மனித உரிமை அலுவலகத்தின் விலாசம். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அது எங்கே, யார் கையில் பிடிபட்டது என்று நான் கேட்கவில்லை. உறையின் மூலையில் நாலு ரூபா ஐம்பது சத முத்திரை ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஐம்பது சத யானை.

“இந்த யானையை இந்தத் தீவிலை ரெண்டு பேர்தான் வைச்சிருந்தவை. நீரும் அந்த வேலணைப் பொடியனும். ரெண்டுக்கும் ஏதோ வித்தியாசம் எண்டு மட்டையிலை எழுதியிருந்தியள். எங்களுக்கு யானையெண்டா யானைதான். நீங்கள் அதிலையும் சாதி பிரிச்சு வைச்சிருக்கிறியள்.” சிரித்தார். “இது உங்கள் ரெண்டு பேரிலை ஆற்றை? பாத்துச் சொல்லும்.”

நான் பூதக்கண்ணாடியும் என்னுடைய முத்திரை ஒன்றும் எடுத்து வந்தேன். ஓரத்தோடு ஓரம் வைத்தேன். அம்மா செபமாலையைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றா. நான் அவசரப்படவில்லை. இடமிருந்து ஒருமுறையும் வலமிருந்து ஒருமுறையும் எண்ணினேன்.

“பதினாலு,” என்றேன்.

“அப்ப?”

“லவன்ரை.”

அவர் தலையாட்டினார். அரைப் பல் விசயம். பெரிய ஆக்களே இதில் பிழை விடுவார்கள், மிஸ். நான் படிக்கத் தொடங்கி இரண்டு வருடம்தான்.

எழும்பும்போது அவர், “நாளைக்கு ரெண்டு பேரின்ரை புத்தகத்தையும் பாப்பம். மட்டையிலை எழுதினபடி ஏழும் அஞ்சும் இருக்கோ எண்டு. ஒருத்தருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது” என்றார். நியாயமான கதை. அவர் போனபிறகு நான் என் அல்பத்தைத் திறந்து பார்த்தேன். அதன்பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலணைக்குப் போனேன். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

லவன் முற்றத்தில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

“என்ன திடீரெண்டு? யானைக்குத் தீனி கொண்டு வந்தனியோ?”

“உன்ரை அல்பத்தைத் தா. ஒருக்கா எண்ணோணும். எனக்கொரு சந்தேகம்.”

“உனக்குச் சந்தேகமோ? அப்ப உலகம் அழியப்போகுது.” கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு அல்பத்தைக் கொண்டுவந்து தந்தான்.

உள்ளேயிருந்து துஷாந்தி அக்கா, “ஜெனீற்றா, ஒடியல் கூழ் இருக்கு, குடிக்கிறியோ? எங்கடை வீட்டுக் கூழிலை மீன் இராது, கோவியாதை” என்று கத்தினா.

“மீனில்லாத கூழ் கூழோ அக்கா?”

“வாய்க்கொழுப்பைப் பார். தம்பி, வந்து எடுத்துக்கொண்டு போ.”

லவன் உள்ளே போனான். அவன் இரண்டு கோப்பையோடு திரும்பிவர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் முத்திரை பிடிக்கிற சாமணத்தால் ஏழாவது யானையைக் கழற்றி என் கணக்குக் கொப்பிக்குள் வைத்தேன். முத்திரைக்கு ஒரு சேதமும் வரவில்லை. அவன் வந்ததும் இரண்டு பேரும் படியில் இருந்து கூழ் குடித்தோம். சரியான உறைப்பு. “சந்தேகம் தீந்துதோ?” என்று கேட்டான். தீர்ந்துவிட்டது என்றேன். முருகேசண்ணை வந்ததை அப்போது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னால் அவன் ஓடியிருப்பான். ஓட இந்தத் தீவில் எங்கே இடம் இருக்கிறது? வீதியில் நேவிக்காரர், கடலில் நேவிக்காரர். ஓடுகிறவனைக் கண்ட இடத்திலேயே சுடுவார்கள். அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொல்லாமல் விட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த முத்திரையை என்னுடைய வரிசையில், ஐந்தாவது இடத்தில் வைத்தேன். என்னிடம் நாலுதான் இருந்தது.

ஏன் நாலு என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் அடுத்த வளவில் றோஸ் அக்கா இருக்கிறா. அவவின் மகன் றொமேஷ் கடலுக்குப் போகிறவர். தை மாதத்தில் ஒருநாள், அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது மாடி வீட்டுக்காரர் அவரைப் பிடித்து ஒரு வான் வண்டிக்குள் ஏற்றினார்கள். வேலிக்குள்ளால் நான் பார்த்தேன். வானின் இலக்கம் பார்த்தேன். முருகேசண்ணை கதவைச் சாத்தியதையும் பார்த்தேன். றோஸ் அக்கா இரவிரவாக அழுதா. எனக்குப் படிக்க முடியவில்லை. கடைசியில், கண்டதெல்லாவற்றையும் இடக்கையால் எழுதினேன். கடிதத்துக்கு ஐந்து ரூபா முத்திரை ஒட்டவேண்டும். சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியதிலிருந்து தபால் கந்தோரில் முத்திரைத் தட்டுப்பாடு, போய்க் கேட்டால் யாருக்கு எழுதுகிறாய் என்று நாலு பேர் பார்ப்பார்கள். அப்பா குருசுமுத்துவின் பெட்டிக்குள் நாலு ரூபா ஐம்பது சத முத்திரை ஒன்று கிடந்தது. ஐம்பது சதம் குறைவு. குறைந்தால் வாங்குகிறவர்களிடம் இரட்டிப்பாக அறவிடுவார்கள், சிலவேளை அவர்கள் வாங்காமலே திருப்பிவிடுவார்கள். வேறு யாரென்றாலும் குறையோடு போட்டிருப்பார்கள். முத்திரை சேர்க்கிற எனக்கு, குறைவாக ஒட்டிய உறையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு யானையைக் கழற்றி ஒட்டினேன். தபாலுக்கு அது இப்போது செல்லுமா என்று கூட எனக்குத் தெரியாது. பார்க்க நிறைவாக இருந்தது.

அதனால் முருகேசண்ணை உறையை மேசையில் வைத்தபோது நான் எண்ணத் தேவை இருக்கவில்லை. ஆனாலும் எண்ணினேன். பதின்மூன்றரை.

அடுத்தநாள் விடிய வந்தார்கள். முதலில் என்னுடையது. ஐந்து இருந்தது. பல் எண்ண அவர்களுக்குத் தெரியாது. பிறகு வேலணைக்குப் போனார்கள். அங்கே ஆறு இருந்தது. துஷாந்தி அக்கா சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்: லவன் ஏழாவது யானை இருந்த வெறும் இடத்தைப் பார்த்தபடி நின்றானாம். வானில் ஏறும்போதும் கையில் அந்த அல்பம் இருந்ததாம்.

மூன்றாம் நாள் முருகேசண்ணை திரும்ப வந்தார். அந்த உறையும் கொண்டுவந்தார். களைத்துப்போயிருந்தார். சேட்டுக் கையை மடித்துவிட்டிருந்தார்.

“பொடியன் கல்லு மாதிரி இருக்கிறான். உறையைக் காட்டி, உன்ரையோ எண்டு கேட்டம். தன்ரை முத்திரையைப் பக்கத்திலை வைச்சு வைச்சுப் பாத்தான். வடிவாய்த்தான் பாத்தான். ‘என்ரை இல்லை’ எண்டான். அப்ப ஆற்றை எண்டா வாய் திறக்கிறானில்லை. எவ்வளவு செய்தும் திறக்கிறானில்லை.” உறையை என் பக்கம் தள்ளினார். “தங்கச்சி, இன்னொருக்கா எண்ணிச் சொல்லும். பிழையெண்டா இப்பவே சொல்லும், விட்டிடலாம். பிள்ளைக்கு மூச்சு இருக்கு இன்னும்.”

நான் இன்னொருக்கா எண்ணினேன். இந்தமுறை முந்தியதைவிட ஆறுதலாக.

“பதினாலுதான் அண்ணை.”

அவர் எழும்பிப் போனார். தேத்தண்ணீர் குடிக்கவில்லை. அது நடந்து பதினொரு நாள்.

காலையில் துஷாந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் கூட்டிவருவா. நீங்கள் கேட்டால், லவன் நல்ல பொடியன், கூட்டாளி, வேறொன்றும் தெரியாது என்பேன். இந்தத் தாள்களை அடுப்புக்குள் போடுவதா, உங்கள் மேசையில் வைப்பதா என்று இன்னும் முடிவு எடுக்கவில்லை. பேர் போடாத கடிதங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்று எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவன் ஏன் சொல்லவில்லை? சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறான். அது பதின்மூன்றரை என்றால் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். என்னுடைய முடிவு, அந்த மாடி வீட்டில் வெளிச்சம் போதாமல் இருந்திருக்கும் என்பதுதான். இருட்டில் அரைப் பல் யாருக்கும் பிடிபடாது. பாவம், அவன் தெரியாமல்தான் பேசாமல் இருந்திருக்கிறான்.

அவனுடைய யானை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். லவன் கோவிக்கமாட்டான்.