இரும்பு நார் வைத்த பச்சைப் பஞ்சு

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று சொல்கிறவர்கள் அதோடு அதிகம் பழகாதவர்கள். பிடிக்கும். நாம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

மார்லிஸ், நீங்கள் சங்கத் தலைவி, எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வெர்லின் சோர்பி. வயது அறுபத்தேழு. முப்பத்தோரு வருஷம் பால்பண்ணைகளுக்கு எவர்சில்வர் தொட்டி பற்றவைத்தவன். டுலூத்தில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களின் இந்தச் சங்கத்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். என் பியரைக் குடித்துவிட்டு "வித்தியாசமா இருக்கு" என்பீர்கள். நம் மினசோட்டாவில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அதற்காக நான் யார்மீதும் வருத்தம் வைத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு வென்டெலைச் சங்கத்திலிருந்து நீக்க ஓட்டெடுக்கப் போகிறீர்கள். பதினோரு பேருடைய பியர் காய்ச்சும் அண்டாவில் துருப்புள்ளி. போன வருஷம் டெக்சஸிலிருந்து வந்த வென்டெலின் அண்டா மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஆகவே இது அவன் வேலை என்கிறீர்கள். இல்லை. செய்தது நான்.

முதல் அண்டாவில் மட்டும் எனக்குப் பங்கில்லை. நம் கிரெட்டா அடிப்பிடித்ததை இரும்பு நாரால் தேய்த்துவிட்டாள். நாரிலிருந்து உதிரும் துணுக்குகள் எவர்சில்வரில் போய்ப் பதிந்துகொள்ளும். துருப்பிடிப்பது அவைதான், கெட்ட பெயர் அண்டாவுக்கு. மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை, அம்மை போட்ட மாதிரி இருந்ததைத் தூக்கிக்கொண்டு என் கராஜுக்கு வந்தாள்.

"வெர்லின், இது அவ்ளோதானா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆக்ஸாலிக் பொடியக் குழைச்சு மெதுவாத் தேச்சா வந்துரும். அலசிட்டுக் காத்தாட விடு. துரு ஏறாம தன் மேல தானே ஒரு தோல் போட்டுக்கும்."

"எவ்ளோ நேரமாகும்?"

பத்து நிமிஷ வேலை. மூன்று மணி நேரம் என்றேன்.

மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். காபி குடித்தாள். புருஷனின் குறட்டையை நடித்துக் காட்டினாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அணில்களை விட்டுவிட்டுப் பார்த்தால், என் கராஜுக்கு வந்த முதல் ஜீவன் அவள். அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும்.

பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சை பிளேடால் பிளந்து, உள்ளே இரும்பு நாரை வைத்துத் தைத்தேன். தையல் வெளியே தெரியாது. நான் கைவேலைக்காரன். யார் வீட்டில் பியர் காய்ச்சினாலும் முடிகிறவரை இருப்பேன். அப்புறம் நம் ஊர் மரியாதை இருக்கவே இருக்கிறது.

"அண்டாவ நான் கழுவித் தரேன்."

"ஐயோ, வேணாம் வெர்லின்."

"அட, கழுவறேனே."

"உனக்கெதுக்குப்பா வீண் சிரமம்?"

"சிரமமே இல்ல."

"சரி, உனக்கு அவ்ளோ ஆசைன்னா..."

இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நமக்கெல்லாம் பால்குடிக்கிற வயதிலேயே பழக்கியிருக்கிறார்கள். பத்துப் பேரும் மூன்றாவது தடவையில் விழுந்தீர்கள். மூன்று நாளில் புள்ளி. சனிக்கிழமை என் கராஜ்.

ஆர்டன், உன்னுடையது தனிக்கதை. நீ அதிகம் பேசமாட்டாய், ஆனால் நன்றாக உட்காருவாய். அதனால் முன்பக்கம் துருவை எடுத்துக்கொண்டே அடிப்பக்கம் கொஞ்சம் போட்டு அனுப்பினேன். ஒன்பது சனிக்கிழமை வந்தாய். பத்தாவது வாரம் நார் போதாமல் ப்ளீச்சை ஊற்றி ஊறவைத்தேன். அதில்தான் அடியில் ஊசிமுனை ஓட்டை விழுந்து, உன் வீட்டு அடுப்பு நனைந்தது. அது அளவு மீறிய காரியம், ஒப்புக்கொள்கிறேன். முறைக்காதே. உன்னை இவ்வளவு கோபமாகப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஒன்பது வாரமும் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

இப்போது வென்டெலின் அண்டா ஏன் மின்னுகிறது என்று சொல்கிறேன். அவனிடமும் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "வேணாம் சார்" என்றான். நான்காவது தடவையும் கேட்டேன், வெட்கத்தை விட்டு. அப்போதும் "வேணாம் சார்." அவர்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாமாம். அவன் குற்றம் அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை அவனே அந்த அண்டாவோடு வந்து நின்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க துரு?"

"துருவா? இல்லையே சார். மாட்டுக்கறிக் குழம்பு. காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"பின்ன எதுக்கு வந்தே?"

"சும்மாதான். நீங்க தனியாச் சாப்பிடுவீங்களேன்னு."

நான் நம்பவில்லை. குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கைப்பிடிக்கு அடியில், மூடி விளிம்பில், குழாய் மரையில். ஒரு புள்ளி இல்லை. அவன் பொறுமையாகக் காத்திருந்து, பிறகு பரிமாறினான். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மிளகாய். சாயங்காலம்வரை இருந்தான். இந்த ஊர் மாமியார் தன் ஜோக்குக்கு ஒருநாளும் சிரித்ததில்லை என்றான். ஒரு ஜோக் சொன்னான். அந்த அம்மாள்மேல் தப்பில்லை.

நீக்குவதென்றால் என்னை நீக்குங்கள். அவனை விட்டுவிடுங்கள். அவன் உங்கள் யாருடைய பாத்திரத்தையும் தொட்டதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது மார்லிஸ், பேனாவை மூடாதீர்கள். சாப்பாடு வந்த பாத்திரத்தை நம் ஊரில் யாரும் கழுவாமல் திருப்பி அனுப்புவதில்லை. வென்டெல் உள்ளே கைகழுவப் போயிருந்தான். இந்தத் தடவை நான் கேட்கவில்லை. கழுவிவிட்டேன். எந்தப் பஞ்சு என்று கேட்காதீர்கள், என் வீட்டில் இருப்பது ஒன்றுதான். இன்றைக்குச் செவ்வாய். வென்டெல், வீட்டுக்குப் போனதும் கைப்பிடிக்குக் கீழே பார்.

தனிமை தாங்காமல் இப்படிச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்குத் தனியாக இருப்பது பழக்கம்தான். நான் அவனுக்காகத்தான் யோசித்தேன். பாவம், ஊருக்குப் புதியவன், கூச்சப்படுவான். காரணமே இல்லாமல் ஒரு மனுஷன் இன்னொருத்தர் வீட்டுக்கு எத்தனை சனிக்கிழமைதான் வந்துகொண்டிருப்பான்?