அமுக்காதீர்கள், அமுக்குங்கள்!

மேடைக்கு விளக்காக வீற்றிருக்கும் தலைவர், தோல் வணிகத்தின் தூண், என் நெடுநாள் தோஸ்த் நிசார் அஹமது அவர்களே! ஆம்பூர் வெயிலை அழைப்பிதழால் விசிறி விரட்டும் முன்வரிசைப் பெரியோர்களே! மெஷினை நிறுத்திவிட்டு வந்தும் அதன் தாளத்தை இன்னும் காலால் மிதித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்த ஐசக்கின் அடங்காத வணக்கம்!

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஒன்பதாம் வகுப்பு என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டது. ஆனால் உலகம் சுற்றியவன். எப்படி என்கிறீர்களா? அரக்கோணம் ஜங்ஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், உலகமே நம்மைச் சுற்றிப் போகும்!

இன்று எதற்குக் கூடினோம்? தங்கை புஷ்ராவின் தோல்பை தைக்கும் கூடத்தில், வீடியோ எடுக்கவென்றே ஓர் அறை திறக்கிறோம். தைக்கிற இடத்தில் படம் எதற்கு என்று அங்கே ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். நல்ல கேள்வி ஐயா. உங்களுக்காகவே பேச வந்தேன்.

பழைய வெப்சைட்டில் ஒரு வீடியோ இருந்தது. வீணை ஒலிக்கும்; பை மணப்பெண் போல மெல்லத் திரும்பும், மினுமினுக்கும். அதில் மயங்கி ஜெர்மனியிலிருந்து ஒருவர் ஆர்டர் கொடுத்தார். பெட்டி போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது! ஏன்? பைகளில் கீறல். படத்தில் இல்லாத கோடு பையில் எப்படி வந்தது என்று கேட்டார். பையில் இருந்த கோடு படத்தில் எப்படி இல்லாமல் போனது? நாம்தான் ஐயா அமுக்கிவிட்டோம்! நல்ல பக்கத்தைக் காட்டி, கீறிய பக்கத்தை அமுக்கிவிட்டோம்.

செய்தி பரவியது, ஆர்டர் நின்றது. புஷ்ரா மெஷின்களை விற்க விலை பேசிவிட்டார். அங்கே தைக்கும் பில்கிஸ் முதலான பெண்கள் பெரிய கம்பெனி வாசலில் மறுபடி வேலை கேட்டு நிற்க வேண்டிய நிலை.

அப்போது வந்தாள் என் அக்கா மகள் ரெனிட்டா. வேலூரில் வெப்சைட்டுகளுக்கு வீடியோ செய்கிறவள். கடைசியாக ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்றாள். வெறுமனே பார்க்கிற வீடியோ அல்ல, பார்ப்பவர் கை வைக்கிற வீடியோ! படத்தில் பையின் மேல் புள்ளிகள் மின்னும். ஜிப்பின் புள்ளியை அமுக்கினால் ஜிப்பு திறக்கும். பிடியின் புள்ளியை அமுக்கினால் அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டும். சரி சரி, அரை மூட்டை. பில்கிஸ் முறைக்கிறாள்.

அந்தப் படப்பிடிப்பில் விளக்குப் பிடித்த வித்தகன் யார்? இதோ நிற்கிறேன்! பிடித்த கை சற்றே சாய்ந்தது. நடுங்கியது என்பார்கள், கலைநயத்தோடு சாய்ந்தது என்பேன் நான். சாய்ந்த வெளிச்சத்தில் கீறல், கோடைக்காலப் பாலாறு போல நீளமாகத் தெரிந்தது.

“அண்ணே, லைட்ட தூக்குங்க. கீறல் தெரியுது,” என்றார் புஷ்ரா.

“தெரியட்டும்க்கா. அது மேலயும் ஒரு புள்ளி வெக்கிறேன்,” என்றாள் ரெனிட்டா.

“உனக்கு இன்னா, படம் புடிச்சிட்டு போய்டுவ. பொட்டி திரும்பி வந்தா யார் பதில் சொல்றது?”

“போன வாட்டி மறைச்சீங்களே. வரலியாக்கா?”

புஷ்ரா பையைத் திருப்பி, கீறல் மேலே தெரியும்படி மேசையில் வைத்தார். அந்த ஒரு திருப்பம், அன்பர்களே, ஒரு கூடத்தின் விதியையே திருப்பியது!

அந்தப் புள்ளியை அமுக்கினால் கேட்பது யார் குரல்? என் குரல்! ‘இது ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் மேய்ந்த மாட்டின் தோல். வேலிமுள் கீறிய தழும்பு. ஆறிய காயம், கிழியாது.’ உடனே புஷ்ராவின் கைகள் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும், தோல் அசையாது. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும்.

“மாட்டுக்கு டாக்டர் சர்டிபிகேட் குடுக்கிறீங்களா அண்ணே?” என்றாள் பில்கிஸ். கூடமே சிரித்தது.

வெப்சைட்டில் போட்டோம். வந்தவர்கள் எந்தப் புள்ளியை ஜாஸ்தி அமுக்கினார்கள்? ஜிப்பையா? இல்லை. பிடியையா? இல்லவே இல்லை. கீறலை! என் குரலின் மயக்கம் என்பது என் தாழ்மையான கருத்து.

பெட்டியைத் திருப்பினாரே, அவரும் அமுக்கினார். புஷ்ராவை வீடியோ காலில் அழைத்தார். இதைப் போன முறையே காட்டியிருக்கலாமே என்றார். எந்தப் பைக்கு எந்தத் தழும்போ, ஒவ்வொன்றையும் இப்படியே எடுத்துப் போடுங்கள், பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒவ்வொரு பையையும் எடுக்க இடம் வேண்டாமா? அதற்குத்தான் ஐயா இந்த அறை!

தமிழின் அழகைப் பாருங்கள்! மறைப்பதும் அமுக்குவது, தொட்டுக் கேட்பதும் அமுக்குவது. விற்கிறவர் அமுக்கினால் பெட்டி திரும்பி வரும். வாங்குகிறவர் அமுக்கினால் பெட்டி கப்பலேறும்! நாம் அமுக்கியதில் மெஷின் விலைக்குப் போக இருந்தது. அவர் அமுக்கியதில் மெஷினுக்கு ஓய்வே இல்லாமல் போனது! ஆகவே வணிகப் பெருமக்களே, நீங்கள் அமுக்காதீர்கள், ஊரை அமுக்க விடுங்கள்!

தலைவர் கைக்கடிகாரத்தைத் தடவுகிறார். முடித்துக்கொள்கிறேன். தழும்பை மேலே திருப்பி வைக்கத் துணிந்த புஷ்ராவுக்கும், நாளைக் காலை எந்த வாசலிலும் காத்து நிற்காமல் நேரே தங்கள் மெஷினில் போய் உட்காரப்போகும் இந்தப் பெண்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சலாம் சொல்வோர்க்குச் சலாம், ஸ்தோத்திரம் சொல்வோர்க்கு ஸ்தோத்திரம், எல்லோர்க்கும் வணக்கம்!