விபூதிப் பட்டை போட்ட பெட்டி

கல்கத்தா நியூ டவுனில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி.

"ஏன்னா, கேம்ல ஒரு வாளை வித்து நாலு பிட்காயின் வாங்கினதை இப்பத்தான் சொல்றேளா?"

"அப்போ அதை யாருடி மதிச்சா? பிட்காயின் இருக்கற ஃபைல் அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல இருக்கு. நீ நேத்திக்குக் காயலான் கடையில போட்டுட்டே."

"போட்டவளே எடுக்கறேன். கடை அடுத்த ஸ்டாப்தான்."

"நூறு பெட்டி கிடக்குமே!"

"கிடக்கட்டும். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருஷமும் நான் விபூதிப் பட்டை போடறச்சே சிரிச்சேளே! இந்தக் கல்கத்தாவுல பட்டை போட்ட கம்ப்யூட்டர் வேற யாராத்துல இருக்கும்? எழுந்திருங்கோ."

அவள் முன்னே, அவர் பின்னே இறங்கினார்கள்.

என்னிடம் பிட்காயின் இருந்ததே இல்லை. இருந்தும் போன மாதம் விற்ற எங்கள் கம்ப்யூட்டருக்குப் பட்டை போட்டிருந்தாளா என்று மனைவிக்குப் போன் செய்தேன்.