இப்ப ஒண்ணா, அப்பால ரெண்டா

அத்த வுடுங்க மேடம், நான் ஒரு விடுகத போடறேன், பதில் சொல்லுங்க பாப்போம். பேரு இல்ல, மூஞ்சி இல்ல, சம்பளமும் இல்ல. ஆனா மெட்ராஸ்ல ஃபேனுக்கு கீழ குந்திக்கினு இருந்தவங்கள ரெண்டு பஸ் மாறி மானாம்பதிக்கு தொரத்திடிச்சி. அது இன்னா?

தெரியலயா? இப்பத்தான நீங்களே சொன்னீங்க. உங்க ஆராய்ச்சிய அச்சுல போடறதுக்கு முன்னாடி, அதே படிப்பு படிச்ச ரெண்டு பேரு காசு வாங்காம சும்மாவே படிச்சி பாப்பாங்க, அவங்க யாருன்னு உங்களுக்கே சொல்ல மாட்டாங்கன்னு. அவங்கதான். மொத ஆளு நல்லா கீதுன்ட்டாங்க. ரெண்டாவது ஆளு உங்கள வெயில்ல நடக்க வுட்டுட்டாங்க. தண்ணி குடிங்க.

நான் புரிஞ்சிக்கினது சரியான்னு பாருங்க. போன வருசம் பால்வாடில ஒவ்வொரு புள்ள முன்னாடியும் ஒரு ஆரஞ்சி முட்டாய் வெச்சீங்க. வெளிய போய்ட்டு வரேன், அதுவரைக்கும் தின்னாம இருந்தா ரெண்டா தரேன்னீங்க. ஊர் புள்ளைங்க காத்துக்கினு இருந்துச்சிங்க. எங்க காலனி புள்ளைங்க நீங்க செருப்பு மாட்றதுக்குள்ள வாயில போட்டுக்கிச்சிங்க. எம் பொண்ணு இந்துவும்தான். ஒடனே, காலனி புள்ளைங்களுக்கு பொறும கம்மின்னு எழுதிட்டீங்க.

அத்த படிச்சிட்டு அந்த ரெண்டாவது ஆளு கேட்டாங்களாம், நீங்க திரும்பி வருவீங்கன்னு அந்த புள்ளைங்க மொதல்ல நம்புச்சிங்களான்னு.

அவங்க எங்க காலனியா மேடம்? ஆம்பளையா பொம்பளையான்னுகூட தெரியாதா? நல்லா கீது போங்க. எங்க வூட்ல ரசத்துல உப்பு இல்லன்னு சொல்றவரு மூஞ்சியாவது எனுக்கு தெரியும்.

அதோ அந்த குழிய பாருங்க. லைட்டு கம்பம் நடறோம்னு நோண்டிட்டு, நாளைக்கி வரோம்னு போனாங்க. ரெண்டு மழ ஆயிடிச்சி, தவள குடித்தனம் பண்ணிக்கினு கீது.

இந்துகிட்ட யாராச்சும் அப்டி சொல்ட்டு போனாங்களான்னா கேக்கறீங்க? அது எதுக்கு இப்ப? ஓ, அந்த ரெண்டாவது ஆளுக்கு பதில் எழுதி அனுப்பணுமா. சரி, எழுதிக்கோங்க. முட்டாய்க்கு ஒரு மாசம் முன்னாடி ஒருத்தவங்க புள்ளைங்க பேரு எழுத வந்தாங்க. இந்துவ நிக்க வெச்சி போன்ல போட்டோ எடுத்தாங்க. வர்ற புதன்கெழம காயிதத்துல போட்டு எடுத்தாரேன்னாங்க. இவ மூணு புதன்கெழம தல வாரிக்கினு பஸ் ஸ்டாப்புல போயி நின்னா. அப்பால முட்டாயோட வந்தப்ப அவங்களுக்கு அது ஞாபகம் இல்ல. இவளுக்கு இருந்திச்சி.

நீங்கதான் மேடம் அது.

ஐய, தல குனியாதீங்க. வேலயில மறந்திருப்பீங்க. போன்ல இன்னும் கீதா? அடுத்த வாரம் ரெண்டு படமா போட்டு எடுத்தாறீங்களா? அத்த எங்கிட்ட ஏன் கேக்கறீங்க. இந்து, இங்க வா. ஒன் போட்டோவ மேடம் போன்ல இப்பவே பாத்துக்கிறியா, இல்ல அடுத்த புதன்கெழம காயிதத்துல ரெண்டா வாங்கிக்கிறியா?

இப்பவே போன்ல பாத்துக்கிறாளாம்.